ரெண்டு விசில் மரச்சீனி

எங்கள் தெருவில் என் உத்தியோகம் என்னவென்று கடைசிவரை யாருக்கும் புரியவில்லை. கிழக்கேகோட்டையில், கோயில் மதிலைப் பார்த்த அக்கிரகாரத் தெரு அது. அங்கே பிறந்தவர்கள் பேங்குக்குப் போவார்கள், செக்ரட்டேரியட்டுக்குப் போவார்கள், ரொம்பச் சமர்த்தாக இருந்தால் அமெரிக்காவுக்குப் போவார்கள். நான் மரச்சீனிக்குப் போனேன். தமிழ்நாட்டில் மரவள்ளி என்றும் மலையாளத்தில் கப்பை என்றும் சொல்கிற அதே கிழங்குதான். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அதன் புது ரகங்களை உண்டாக்குவது என் வேலை. "அதுல என்னடி புதுசா உண்டாக்கறதுக்கு இருக்கு? மண்ணுக்குள்ள தன்னால வெளையறதுதானே?" என்று எதிர்வீட்டு மாமி ஒருநாள் கேட்டாள். நான் விடுவேனா? ஆண் பூ, பெண் பூ, மகரந்தம் என்று முழு விளக்கம் கொடுத்தேன். பாதியிலேயே மாமி, "போறும் போறும், கொழந்தைகள் இருக்கா" என்று உள்ளே போய்விட்டாள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டில் மரச்சீனி சமைத்ததே கிடையாது. சேனை உண்டு, சேப்பங்கிழங்கு உண்டு, கூர்க்கங்கிழங்குக்காக மார்கழி முழுக்கத் தவம் கிடப்போம். மரச்சீனி மட்டும் வாசற்படி தாண்டியதில்லை. ஊரே கப்பையும் மீனும் என்று சப்புக்கொட்டுகிற திருவனந்தபுரத்தில், அந்தக் கிழங்கு எந்தப் பதத்தில் வெந்தால் நல்லது என்று தெரியாத ஒருத்தியைத் தேடிப்பிடித்து, இந்தா, இதை நீ மேம்படுத்து என்று கொடுத்திருந்தார்கள். அப்போது எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. பரீட்சையில் முதல் வகுப்பு, வாயில் சரமாரியாக இங்கிலீஷ், மூக்குக்கு மேல் கோபம். ஒரு விஞ்ஞானிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரச்சீனிக்குத் தேமல் நோய் என்று ஒன்று வரும். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி, சுருண்டு, கோணிக்கொண்டு போகும். வெள்ளை ஈ அதை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகும். நோயுள்ள செடியின் கம்பை ஒடித்து நட்டால் முளைக்கும்போதே நோயோடு முளைக்கும். மருந்தும் கிடையாது. மண்ணைத் தோண்டினால் கிழங்கு விரல் தண்டிக்கு இருக்கும். ஆகவே, நோய்க்கு அசைந்துகொடுக்காத, அதே சமயம் கூடை கூடையாக விளைகிற ஒரு செடி வேண்டும். அதற்காக, நோயைத் தாங்குகிற ஆனால் வாயில் வைக்க விளங்காத ஒரு செடியையும், ஜனங்கள் ஆசையாகத் தின்கிற உள்ளூர்ச் செடியையும் கலக்கவேண்டும். மரச்சீனியின் பெண் பூ உச்சி வெயிலில்தான் திறக்கும். காலையிலோ சாயங்காலமோ திறந்தால் அதற்கென்ன குறைந்துவிடும் என்று நான் பல தடவை வாய்விட்டே திட்டியிருக்கிறேன். திறந்த பூவில் மகரந்தத்தைத் தடவி, துணிப்பை கட்டி, அட்டை தொங்கவிட்டு வந்தால், காய்க்கு மூன்று விதை கிடைக்கும். மூன்றும் மூன்று குணமாக இருக்கும்.

பிறகு தேர்வு. நோய் வராத செடி எது என்று தெரியவேண்டுமானால் அதைச் சுற்றி நோயாளிகளை நட்டுவைக்கவேண்டும். எங்கள் பண்ணையில் மற்றவர்கள் வாடிய செடியைப் பிடுங்கி எறிவார்கள். நான் மட்டும் அதற்குத் தண்ணீர் விட்டு, உரம் போட்டு, வெள்ளை ஈ சௌக்கியமா என்று விசாரித்துக்கொண்டிருப்பேன். பார்க்க வருகிறவர்கள் என் வயலைப் பார்த்து, "ஐயோ பாவம், மேடத்தோட பிளாட் மட்டும் இப்பிடி ஆயிப்போச்சே" என்று உச்சுக்கொட்டுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. ஆயிரக்கணக்கில் முளைத்தவை நோயில் போயின, விளைச்சல் இல்லாமல் போயின, கசந்து போயின. கடைசியில் ஒரு செடி நின்றது. நாலாபக்கமும் நோய் பிடித்துச் சுருண்டு கிடக்க, நடுவில் அது மட்டும் பச்சைப் பசேலென்று, நான் பாட்டுக்கு நிற்கிறேன் என்பதுபோல நின்றது. பிடுங்கினால் கிழங்கு குலைகுலையாக வந்தது. அன்றைக்கு நான் பண்ணையிலேயே ஒரு குதி குதித்தேன். இந்த வயதில், இந்த உடம்போடு. பார்த்தவர்கள் பாம்பு என்று ஓடினார்கள்.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் வெளியான ரகம் என்று ஏதாவது ஒன்று இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. ஓய்வு பெறுவதற்குள் ஒரு ரகம், ஒரே ஒரு ரகம், என் கையால் வயலுக்குப் போகவேண்டும் என்பது எனக்கு வெறியாகவே ஆகியிருந்தது. ராத்தூக்கத்தில் இலையை எண்ணுகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் பேங்கில் இருந்தவர், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். ஆனால் இதில் கூட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

இனிமேல்தான் கூத்து. நோய் பார்த்தாச்சு, விளைச்சல் பார்த்தாச்சு, அப்புறம் ருசி பார்க்கவேண்டுமில்லையா? தொடக்கத்தில் ஒரு செடியில் நாலு கிழங்குதான் கிடைக்கும். அதைப் பெரிய அளவில் சமைத்துப் பார்க்க முடியாது. அவரவரே வேகவைத்து, வாயில் போட்டுப் பார்த்து, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று முடிவு செய்வதுதான் எங்கள் வழக்கம். நான் கிழங்கை வீட்டுக்கு எடுத்துவந்து வேகவைத்தேன். எங்கள் வீட்டில் எதை வேகவைத்தாலும் எதில் வேகவைப்போம்? குக்கரில்தான். பருப்பு, சாதம், சேனை எல்லாம் குக்கர். மரச்சீனிக்கு ரெண்டு விசில் என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். யாரைக் கேட்டேன்? யாரையும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே என்னிடம் கிடையாது.

ஒப்பிட்டுப் பார்க்க உள்ளூர்க் கிழங்கையும் கூடவே வைப்பேன். குக்கரைத் திறந்தால் உள்ளூர்க் கிழங்கு கரைந்து கஞ்சியாகக் கிடக்கும். என் கிழங்கோ துண்டு துண்டாக, அழகாக, பூப்போல வெந்து இருக்கும். "பாத்தேளா, எவ்வளவு நன்னா இருக்கு! அது கூழாப் போயிடுத்து" என்று வீட்டுக்காரரிடம் காட்டுவேன். அவர் தேங்காயெண்ணெய் விட்டுச் சாப்பிட்டுவிட்டு, "ஏதோ ஒண்ணு, கடுகு தாளிச்சா நன்னா இருக்கும்" என்பார். நான் கஞ்சியாகப் போனதற்கெல்லாம் தள்ளுபடி என்று எழுதினேன். முழுசாக நின்றதற்கெல்லாம் தேர்வு என்று எழுதினேன். வருஷா வருஷம் இதையே செய்தேன்.

நிலையத்தில் எல்லோருமாக உட்கார்ந்து ருசி பார்க்கிற நாள் என்று ஒன்று உண்டு. அங்கேயாவது என் தப்பு பிடிபட்டிருக்கவேண்டும். ஆனால் முதல் தடவை அங்கே கேஸ் தீர்ந்துவிட்டது. "பரவாயில்லை, நான் வீட்டிலேயே வேகவைத்துக் கொண்டுவருகிறேன்" என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னவள் நான்தான். கடுகு, கறிவேப்பிலை, தேங்காய்த் துருவலோடு டிபன் கேரியரில் கொண்டுபோனேன். என் சகாக்கள் விரலை நக்கினார்கள். அதற்கப்புறம் கேஸ் இருந்தாலும், "மேடம் வீட்டிலேர்ந்தே வரட்டும், அந்த டேஸ்ட் இங்கே வராது" என்று ஆகிப்போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மரச்சீனி சமைக்கிறதில் நான்தான் கெட்டிக்காரி என்று பேர். அட கர்மமே!

கடைசிக் கட்டம் விவசாயியின் வயல். பாறசாலைப் பக்கம் ஒருத்தர், முந்தின வருஷம் தேமலில் மொத்த வயலையும் பறிகொடுத்தவர், என் செடியை நடச் சம்மதித்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும். அவரும் அவர் மனைவியும் அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டதைப் போல நான் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேனா என்பது சந்தேகம். சுற்றுவட்டாரமெல்லாம் தேமல் பிடித்துக் கிடக்க, அவர்கள் வயல் மட்டும் பச்சையாக நின்றது. அறுவடை நாளை விழாவாக நடத்தலாம் என்று முடிவாயிற்று. ரகத்தை வெளியிடலாமா வேண்டாமா என்று பரிந்துரை செய்யவேண்டிய பெரிய அதிகாரியே வருவதாக ஏற்பாடு. அவர் அன்றைக்குத் தலையாட்டிவிட்டால் என் ரகம் வெளியே வந்தமாதிரிதான். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். வயலுக்குப் பட்டுப்புடவை!

பந்தல், மைக், நாற்காலி, பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் வந்தாயிற்று. அதிகாரி செடியைப் பிடித்து இழுத்தார். கிழங்கு குலையாக வந்தது, கைதட்டல், போட்டோ. அந்தக் கிழங்கையே உரித்து, நறுக்கி, அங்கேயே வேகவைத்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்கிற துவையலும் மீன்கறியுமாக எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். வீட்டுக்குப் பின்னால் பெரிய சருவத்தில் தண்ணீர் கொதித்தது. வீட்டம்மா கிழங்கைப் போட்டார்கள். இங்கே பேச்சுகள் தொடங்கின.

முதல் பேச்சு முடிந்தது. இரண்டாவது பேச்சு முடிந்தது. பேசக் கூப்பிடாத பஞ்சாயத்துக்காரர் ஒருத்தரும் எழுந்து பேசி முடித்தார். கிழங்கு வரவில்லை. ஜனங்கள் கழுத்தை நீட்டிப் பின்பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். நான் மெதுவாக எழுந்து பின்னால் போனேன்.

வீட்டம்மா முதல் தண்ணீரை வடித்து, இரண்டாவது தண்ணீரும் வைத்து, விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முகம் வியர்த்து ஊற்றியது. "வேவல்ல மேடம்," என்றார்கள், யாரோ செத்துப்போனதைச் சொல்வதுபோல மெல்லமாக. "எம்மாம் நேரமாச்சு. நம்ம கெழங்குன்னா இதுக்குள்ள ரெண்டு தடவ வெந்திருக்கும். இது கல்லு மாதிரி இருக்கு. உங்க வீட்டில எம்புட்டு நேரம் வைப்பிய?"

"ரெண்டு விசில்," என்றேன்.

"விசிலா?"

என் வாயிலிருந்து அந்தச் சொல் வெளியே வந்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குக்கரில் கஞ்சியானதெல்லாம் நல்ல கிழங்கு. அடுப்பில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மாவாக மலர்ந்திருக்கும். குக்கரையே தாக்குப்பிடித்து முழுசாக நின்றதெல்லாம் வேகாத கிழங்கு. பத்து வருஷமாக, தலைமுறை தலைமுறையாக, வேகிற கிழங்கையெல்லாம் கவனமாகக் கழித்துக்கட்டி, வேகாததை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்திருக்கிறேன். கேரளத்திலேயே யாருக்கும் இப்படி ஒரு கிழங்கை உண்டாக்கத் தோன்றியிருக்காது. அதற்கு மரச்சீனி சமைக்காத வீட்டில் பிறந்து, அதைப் பற்றிக் கர்வமும் படவேண்டும். பட்டுப்புடவையோடு விறகுக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டம்மா என் பக்கத்தில் குனிந்தார்கள். "மேடம், பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல. அடுத்த வீட்டில நம்ம பழைய நாட்டுக் கெழங்கு கொஞ்சம் இருக்கு. அத வச்சுக் கொடுத்துடலாம். வேவுறதுக்கு நேரமே ஆவாது. ஒருத்தருக்கும் தெரியாது, கேட்டியளா? இந்தச் செடி வேணும் மேடம். எங்களுக்குத் தேமல் வராம நின்னது இது ஒண்ணுதான்."

நான் வேண்டாம் என்று உடனே சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். ஒரு கூடைக் கிழங்கு, ஒரு கொதி, அவ்வளவுதான். வெளியே வந்தபிறகு யாராவது வேகவில்லை என்றால், மண் சரியில்லை, மழை அதிகம் என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் துறையில் அப்படிச் சொல்லிக்கொள்ள வசதி நிறையவே உண்டு. "கொண்டு வாங்கோ" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது மைக்கில் அதிகாரியின் குரல் கேட்டது. நேரத்தை நிரப்பத் தானே எழுந்து பேசத் தொடங்கியிருக்கிறார் மனிதர். "வெந்த கிழங்கோட வாசனை இங்கே வரைக்கும் வருது பாருங்க! வாயிலே வெச்சா வெண்ணெய் மாதிரி கரையும். நான் ஏற்கெனவே ருசி பார்த்தவன், அதனாலே சொல்றேன்," என்றார். அவர் ருசி பார்த்ததே இல்லை. சத்தியமாக இல்லை. எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! என்மேல் வரவேண்டிய கோபம்தான். முழுக்க அந்த ஆள்மேல் போய் விழுந்தது. விடுவிடுவென்று பந்தலுக்குப் போனேன். மைக்கைக் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்று போட்டோவைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

"என்ன வாசனை சார்? அது விறகுப் புகை. கிழங்கு வேகவே இல்லை. இனிமேலும் வேகாது. இந்த ரகத்தை யாரும் வெளியிட வேண்டாம்," என்றேன்.

கூட்டம் சிரித்தது. மேடம் தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்தார்கள். நான் போய் ஒரு தட்டில் கிழங்குத் துண்டைக் கொண்டுவந்து அதிகாரி கையில் கொடுத்தேன். அவர் கடித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். அதற்குப்பிறகு யாரும் சிரிக்கவில்லை. மீன்கறியை வெறும் சோற்றோடு போட்டார்கள். வயலின் சொந்தக்காரர் என் பக்கம் திரும்பாமல் பந்தல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் விடைபெறும்போது அவர் மனைவி மட்டும் வாசல்வரை வந்து, "இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில வச்சுப் பாத்திருக்கலாம் மேடம்," என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் பட்டியலிலிருந்து என் செடியை எடுத்துவிட்டார்கள். பண்ணையில் இருந்ததைப் பிடுங்கிக் குவிக்கச் சொன்னதும் நானேதான். குவித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். பிறகு எனக்கு ஓய்வும் வந்தது. மாலை போட்டார்கள், ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அறிமுகப்படுத்திப் பேசியவர் நான் வெளியிட்ட ரகம் என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒரு தடவை இருமிவிட்டு, என் சமையலைப் பற்றிப் பேசினார். தலையிலடித்துக்கொள்ளலாம் என்றால் மாலை தடுத்தது.

போன மாதம் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். பருப்பு வாங்கிக்கொண்டு, ஆரியசாலைப் பக்கமாகத் திரும்பும் இடத்தில் காய்கறி போட்டிருக்கிற ஒரு கடையில் நின்றேன். திருநெல்வேலிக்காரர் கடை. தரையில் மரச்சீனி இரண்டு குவியலாகக் கிடந்தது. ஒன்று சின்னக் குவியல். இன்னொன்று பெரிசு, கிழங்கும் பெரிசு, தோல் வழவழவென்று கொஞ்சம் சிவந்து, நுனி மழுங்கி இருந்தது. அந்த நுனியை உலகத்தில் எங்கே பார்த்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

"அது வேண்டாம்மா," என்றார் கடைக்காரர். "இதை எடுங்க. அது மேடம் மரச்சீனி."

"என்னது?"

"அப்படித்தான் பேரு. யாரோ ஆராய்ச்சிக்கார மேடம் உண்டாக்கினது. பாறசாலைப் பக்கம் ஏதோ விழாவாம். அங்க நின்னு மைக்கைப் பிடிச்சு, என் கிழங்கு வேகாது, யாரும் நடாதீங்கன்னு சொல்லிச்சாம். தானே உண்டாக்கிட்டுத் தானே அப்படிச் சொல்லுமா? லூசா இருக்கும். வந்த ஆளுகள்ளாம் அதைக் கேட்டுக்கிட்டே ஆளுக்கொரு கம்பை ஒடிச்சுக் கக்கத்துல சொருகிட்டுப் போயிட்டாங்க. இப்ப அந்தப் பக்கம் பூரா இதுதான்."

"வேகாத கிழங்கை எதுக்கு நடறா?"

"மத்ததெல்லாம் தேமல்ல போயிருதும்மா. இது போவ மாட்டேங்குது. சிப்ஸ் போடுறவங்க வாங்குறாங்க. மாட்டுக்கு வாங்குறாங்க. கையில காசு கம்மியா இருக்கிறவங்களும் வாங்குறாங்க, அவங்க எப்படியோ வேகவச்சுத் தின்னுருவாங்க போல."

நான் அந்தப் பெரிய குவியல் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினேன். கையெல்லாம் மண். எழுந்து பையை நீட்டியபோது அவர் தராசில் வைக்காமல் என்னையே பார்த்தார்.

"சொன்னேனேம்மா, அது வேகாது. நாளைக்கு வந்து எங்கிட்ட சண்டை பிடிக்கக்கூடாது."

"மாட்டேன்," என்றேன். "எனக்குத் தெரியும். நிறுத்துப் போடுங்கோ."